பாதுகாக்கப்பட்ட ஒழுக்கு

தவில் வித்துவான் சோலைமலை பிறந்து வளர்ந்த, தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக் காம்பராவைத் தேசம் பாதுகாக்க வேண்டும் என்று கொழும்பில் முடிவாயிற்று. திம்புள்ளப் பக்கத்திலிருந்த அந்தக் காம்பராவில் இப்போது குடியிருந்தவள் அம்மாக்கண்ணு. அவளைப் பாதுகாக்கும் யோசனை எந்தக் கூட்டத்திலும் எழவில்லை.

அவளுக்கு வேண்டியிருந்தது ஒரு தகரம். அடுப்புக்கு நேர் மேலே கூரை ஒழுகியது. மழை பிடித்தால் ரொட்டி வேகாது. குழம்பு மட்டும் பெருகும். கேட்டுக் கேட்டு ஒருவழியாகத் தகரம் வந்து, புருஷன் இராமையா ஏணியில் கால் வைத்த அன்றுதான் கலாசார அதிகாரியும் வந்து சேர்ந்தார்.

"நிறுத்துங்கள்! அது என்ன சத்தம்?"

"ஒழுகுதுங்க."

அதிகாரி கண்ணை மூடித் தொடையில் தட்டிப் பார்த்தார். "ஆதி தாளம்! வித்துவான் கேட்ட முதல் பாடம். மேற்படி ஒழுக்கு இன்றுமுதல் அரசாங்கச் சொத்து."

"அப்ப அடுப்பு யாரு சொத்துங்க?"

"அடுப்பை நீங்கள் வைத்துக்கொள்ளலாம்."

தகரம் திரும்பிப் போயிற்று, அறிவிப்புப் பலகை வந்தது. ஒழுக்கு என்பது பாமரச் சொல் என்று அதிகாரி திருத்தி எழுதியிருந்தார்: 'இங்கு ஒழுக்கம் பேணப்படுகிறது.'

கொழும்புச் சீமாட்டிகள் பட்டும் குடையுமாக வந்து, அடுப்பங்கரையில் குந்தித் தலையாட்டினார்கள். கொழும்பில் பணக்காரர்கள் வாழும் கறுவாத்தோட்டத்துப் பங்களாக்களில் ஓடு பிரித்து ஒழுக்கு வைத்துக்கொள்வது நாகரிகமாயிற்று. தோட்டத்துத் துரையே அம்மாக்கண்ணு வாசலில் தொப்பியைக் கழற்றினார். எல்லாம் நடந்தது, அடுப்பு மட்டும் எரியவில்லை.

ஒருநாள் சோலைமலையே வந்தார். முதல் சொட்டு அவர் உச்சியில் விழுந்தது.

"அண்ணே, நீங்களாச்சும் ஒரு வார்த்த சொல்லுங்க" என்றாள் அம்மாக்கண்ணு.

"நாங்க இருந்தப்ப ஒழுகலியேம்மா. அப்பா அப்பவே தாரு பூசி அடைச்சிட்டாரே!"

அதிகாரி அசரவில்லை. "அதனால்தான் ஐயா, நீங்கள் தஞ்சாவூர் வரை போய்க் கற்க நேர்ந்தது."

வித்துவான் யோசித்தார். "அதுவும் சரிதான்" என்று தலையைத் துடைத்துக்கொண்டார்.

அன்றைக்கே அம்மாக்கண்ணு புருஷனிடம் சொல்லிவிட்டாள்: "அவங்க அப்பா செஞ்சத நீங்களும் செய்ங்க."

மறுநாள் பேய் மழை. சீமாட்டிகள் காது கொடுத்துக் காத்திருந்தார்கள். ஒரு சொட்டு இல்லை. அதிகாரிக்கு முகம் வெளுத்தது.

"ஒழுக்கம் கெட்டுவிட்டது!"

அடுத்த காம்பரா ராக்காயி எட்டிப் பார்த்தாள். "சார், இங்கிட்டு வாங்க! எங்க வூட்டுல ரெண்டு எடத்துல ஒழுகுது!"

"இரட்டைத் தவில்!" என்று அதிகாரி பலகையைப் பிடுங்கிக்கொண்டு ஓடினார். கூட்டமும் ஓடியது.

அம்மாக்கண்ணு நன்றாக எரியும் அடுப்பில், நனையாத ரொட்டி சுட்டு வாயில் வைத்தாள். வாசல் வழியே பார்த்தாள். துரை ராக்காயி வாசலில் தொப்பியைக் கழற்றிக்கொண்டிருந்தார். ரொட்டி இறங்கவில்லை.

"என்னங்க, அந்தக் கடப்பாரை எங்க?"

"எதுக்குடி?"

"மூணு எடத்துல குத்துங்க. அவளுக்கு நாம எளப்பமா?"

கூரை ஏறிய இராமையா திகைத்து நின்றார். லயம் நெடுகக் கூரைக்கு ஒரு ஆள், கையில் கடப்பாரையோடு.

"அங்க என்ன வேடிக்க?" என்று கீழேயிருந்து கத்தினாள் அம்மாக்கண்ணு. "சட்டுன்னு குத்துங்க, மழ விட்டுறப் போவுது!"