பென்டிரைவுக்கு வைத்த பொட்டு

படித்தவர்களின் பயத்துக்கு அடிக்குறிப்பெல்லாம் உண்டு. குழந்தைக்குப் பால் சூடா என்று என் கையில் விட்டுப் பார்ப்பேன். பிறகு கைக்கே ஜுரமோ என்று சந்தேகம் வந்து, கணவர் கையிலும் விட்டுப் பார்ப்பேன்.

அப்படிப்பட்ட நான், முனைவர் பட்ட ஆய்வேட்டைப் பல்கலைக்கழகத்தின் இணையக் களஞ்சியத்தில் சேர்க்க வேண்டிய கடைசி நாள் அது. அன்று ஏறவில்லை என்றால் அந்த வருடப் பட்டமளிப்பு விழாவில் என் பெயர் வராது. (மாமியார் விழாவுக்கென்று மைசூர் சில்க் எடுத்து, ஃபால்ஸும் தைத்தாயிற்று.)

மடிக்கணினியில் ‘ஃபைனல்’, ‘புது ஃபைனல்’, ‘நிஜ ஃபைனல்’ என்று ஒரே ஆய்வேடு பல அவதாரங்களில் கிடந்தது. தப்பானது போய்விடுமோ என்ற பயத்தில், சரியானதை மட்டும் பென்டிரைவில் ஏற்றிவிட்டு, கணினியில் இருந்த அத்தனையையும் அழித்தேன். (பத்திரமாக இருக்கட்டும் என்று!)

எங்கள் வீட்டில் புது மிக்ஸியைக்கூடப் பொட்டு வைக்காமல் தொட மாட்டோம். பென்டிரைவைச் சாமி முன் வைத்து, மூடியில் ஒரு பொட்டு வைத்தேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். மூடி வெறும் பிளாஸ்டிக்தானே, ஆய்வேடு உள்ளேயல்லவா இருக்கிறது என்று தோன்றியது. மூடியைக் கழற்றி, உலோக முனையில் குழைத்த மஞ்சள், அதன்மேல் குங்குமம். தாராளமாக.

நூலகத்தில் களஞ்சியப் பொறுப்பாளர் மேடம் அதைச் செருகினார். கணினி கண்டுகொள்ளவே இல்லை. உருவிப் பார்த்து, என்ன இது என்று கன்னடத்தில் கேட்டார்.

“ஏனம்மா இது, குங்குமானா?”

“பூஜை மாடிதெ, மேடம்” என்றேன், பூஜை செய்தேன் என்ற அர்த்தத்தில்.

என் கன்னடத்தைக் கேட்டதும் தமிழுக்கு மாறினார். (மைசூரில் திட்டு மட்டும் அவரவர் மொழியிலேயே கிடைக்கும்.) “பூஜை சரிம்மா. அதுக்கு வாயில ஊட்டி விடணுமா? வேற காப்பி இருக்குதா?”

“அழிச்சிட்டேன் மேடம். பத்திரமா இருக்கட்டும்னு...”

அவர் என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்குத் தமிழ் போதாது. வெளியே ஓடிக் கணவருக்கு போன் செய்தேன்.

“என்னங்க, பென்டிரைவ் ஓடவே மாட்டேங்குது!”

“எப்படி ஓடும்? எலுமிச்சம்பழம் வெச்சியா?”

அழுகையைத் துடைக்கக் கைக்குட்டை தேடினேன். கையில் இருந்தது குழந்தையின் பை. குழந்தையை விட்டுவிட்டு வந்தாலும் அந்தப் பையை விட்டு வர எனக்குத் தெரியாது. உள்ளே காது துடைக்கும் பஞ்சுக் குச்சிகள்! மேடத்திடம் திரும்பி ஓடினேன். நான் துடைக்க, மேடம் வெளிச்சத்தில் பிடித்து ஊத, மறுபடி நான் துடைக்க... ‘டிங்’ என்றது கணினி. ஆய்வேடு திறந்தது. மேடம் தலைப்பை உரக்கப் படித்தார். தமிழில் சொன்னால், ‘ஈரத்தால் உலோக முனைகளில் ஏற்படும் அரிப்பும் தடுக்கும் வழிகளும்’.

“நீங்களே எழுதினதா?”

“ஆமா மேடம்” என்றேன், தரையைப் பார்த்து.

சிரித்து முடித்து, பதிவேற்றப் போனவர் கடிகாரத்தைப் பார்த்துக் கையை எடுத்தார். “கொஞ்சம் இரும்மா. ராகு காலம் முடியட்டும்.”

மாமியாரின் பட்டுப்புடவை விழாவுக்கு வந்துவிட்டது. நூலக மேசையில், பூஜை செய்த பென்டிரைவுகளைத் துடைத்துக் கொண்டு வரவும் என்று ஓர் அறிவிப்பும் வந்துவிட்டது. என் ஆய்வேட்டை இன்று உலகத்தில் யார் வேண்டுமானாலும் படிக்கலாம்; எங்கள் குடும்பத்தில் எல்லோரும் படித்திருப்பது அந்த அறிவிப்பைத்தான்.

இப்போதும் நான் மெயில் அனுப்ப உட்கார்ந்தால் சமையலறையிலிருந்து கணவரின் குரல் வரும்: “எலுமிச்சம்பழம் எடுத்துட்டு வரட்டா?” மகள் நிஜமாகவே ஃப்ரிட்ஜைத் திறப்பாள்.