முதுகில் மூணு பிளாஸ்திரி

"சட்டையக் கழட்டிட்டுக் குப்புறப் படுங்கண்ணே" என்று நர்ஸ் ராதிகா சொன்னதும் சுப்பராயலுவுக்கு அவசரமாக ஒன்றுக்கு வந்தது.

வரவில்லை. பொய். வந்தது பயம். மீசை முறுக்கிய ஆள் என்பதற்காக அதை வேறு பெயரில் எழுத முடியாது.

சேவூரில் பட்டுத்தறிக் குழியில் உட்கார்ந்து ஊடை நூலை ஓட்டும் கூர்முனை நாடாவின் கயிற்றை இழுத்து இழுத்து அவருடைய வலது தோள் கருங்கல்லாகி ரொம்ப நாள் ஆச்சு. தைலம் தேய்த்தாச்சு. தவிட்டு ஒத்தடம் கொடுத்தாச்சு. ஆவணி முகூர்த்தத்துக்குக் கொடுக்க வேண்டிய கல்யாணப் புடவை பாதியில் நிற்கிறது. பொறுத்துப் பார்த்த மனைவி கற்பகம், காலையில் அவரை ஆரணி டவுன் பஸ்ஸில் ஏற்றிவிட்டு ஒரே வார்த்தை சொன்னாள். "ஊசி போட்டுகினு வாங்க. போட்டுக்காம வந்தீங்க, நாடாவால நானே குத்துவேன்."

டாக்டர் ஹேமலதா அவர் முதுகை அமுக்கினார்.

"இங்க ஒரு முடிச்சு. இங்க ஒண்ணு. இதோ இன்னொண்ணு. தசை இறுகி மூணு முடிச்சு விழுந்திருக்குங்க. ஒவ்வொண்ணுலயும் மருந்து போட்டா இளகிடும்."

"மூணு முடிச்சு நான்தானுங்க அவ கழுத்துல போட்டேன். என் முதுகுக்கு எப்டிங்க வந்துச்சு?"

டாக்டர் சிரித்தார். நர்ஸ் சிரித்தாள். சுப்பராயலுவும் சிரித்தார். பிறகு டாக்டர் ஊசியை எடுத்தார். சுப்பராயலு மட்டும் சிரிப்பை நிறுத்தினார். அவர் கண்ணுக்கு அது ஊசியாகத் தெரியவில்லை. மாடு கட்டுகிற முளைக்குச்சியாகத் தெரிந்தது.

"டாக்டரம்மா, ஒரு நிமிசம். ஒண்ணுக்குப் போயிட்டு ஜல்தியா வந்துடறேன்."

"பின்னால இருக்குது, போயிட்டு வாங்க."

சட்டையை மாட்டிக்கொண்டு போனார். பின்னால் கக்கூஸ் இருந்தது. அதற்கும் பின்னால் ஒரு சின்ன கேட். கேட்டுக்கு வெளியே ரோடு. ரோட்டில் ஊசியே இல்லை.

பஸ் ஸ்டாண்டு பக்கம் பழனியின் சலூனில் போய் மூச்சு வாங்கினார்.

"இன்னாண்ணே, வெறுங்காலோட ஓடியாற?"

குனிந்து பார்த்தார். செருப்பு கிளினிக் வாசலில். திரும்பிப் போனால் செருப்பும் கிடைக்கும், முளைக்குச்சியும் கிடைக்கும். செருப்பு போனால் போகட்டும். மருந்துக்கடையில் மூணு பிளாஸ்திரி வாங்கி வந்து முதுகைக் காட்டினார்.

"புண்ணு எங்கண்ணே?"

"நீ ஒட்டலன்னா வூட்டுக்குப் போனதும் வரும். ஒட்டுடா."

வீட்டில் கற்பகம் பிளாஸ்திரியை ஒரு தரம் பார்த்தாள். பிறகு காலைப் பார்த்தாள்.

"செருப்பு எங்க?"

"வர்ற வழியில கோயிலுக்குப் போனன். எவனோ மாட்டினு போயிட்டான்."

"கோயில்ல செருப்பு தொலைஞ்சா பீடை தொலைஞ்சுதுன்னு அர்த்தம். வுடுங்க. ஊசி வலிச்சுதா?"

"வலியா? வேற ஆளாயிருந்தா கட்டிலோட செத்திருப்பான். நான் மூச்சு காட்டல. டாக்டரம்மாவே அசந்துட்டாங்க."

"இன்னா சொன்னாங்க?"

இந்த இடத்தில் அவர் அளவோடு நிறுத்தியிருக்க வேண்டும். அளவு நெய்கிற துணிக்குத்தான். வாய்க்கு ஏது?

"பத்து நாள் ரெஸ்ட்டு. தறியத் தொடவே கூடாது. கால் அமுக்கிவுட்டா நல்லதாம். ஆட்டுக்கால் சூப்பு குடிக்கணுமாம்."

"டாக்டரம்மா சொன்னா சரிதான்" என்றாள் கற்பகம். அவ்வளவுதான். சண்டை இல்லை, குறுக்குக் கேள்வி இல்லை. இவ்வளவு சுலபமாக ஜெயித்தால் புத்தியுள்ளவன் பயப்படுவான். சுப்பராயலு டிவி போட்டார்.

மறுநாள் விடியற்காலையிலேயே அவள் தறிக்குழியில் இறங்கிவிட்டாள். லொடக், லொடக். கட்டிலிலிருந்து குரல் வந்தது.

"மெதுவாடி. சத்தம் தோள்ல இடிக்குது."

கற்பகம் கயிற்றை விட்டாள். எழுந்தாள். முகம் கழுவிப் பை ஒன்றை எடுத்துக்கொண்டாள்.

"ஆரணிக்குப் போயி ஆட்டுக்கால் வாங்கினு வர்றேன்."

மத்தியானம் வந்தாள். ஆட்டுக்கால் இல்லை. கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் மூணு பிளாஸ்திரி இருந்தது.

"இன்னாடி இது?"

"ஊசி. உங்களுக்குப் போட்டாங்களே, அதேதான்."

"உனுக்கு எதுக்கு?"

"நீங்க தோளப் புடிச்சிகினு முனகினப்பல்லாம் தறியில குந்தினது யாரு? பக்கத்து வூட்டு உண்ணாமலையா? டாக்டரம்மா அமுக்கிப் பாத்துட்டு, மூணு முடிச்சு இருக்குதும்மான்னாங்க. எங்க வூட்டுக்காரரு போட்டதுதாங்க, அன்னிலேர்ந்தே வலிதான்னு சொன்னேன்."

சுப்பராயலுவின் வாய் அவரைக் கேட்காமல் ஒரு வேலை செய்தது.

"ரொம்ப வலிச்சுதா?"

கற்பகம் நிதானமாகத் திரும்பினாள். "ஏங்க, உங்களுக்குத் தெரியாததா?"

அவர் டிவி பக்கம் பார்த்தார். டிவி ஓடவில்லை.

"சரி, எனுக்கு பத்து நாள் ரெஸ்ட்டு. தறியத் தொடக் கூடாது. கால் அமுக்கிவுடணும். சூப்பு வெக்கணும்."

"அப்டியா சொன்னாங்க?"

"உங்களாண்ட சொன்னதுதான. ஒரே டாக்டர், ஒரே ஊசி. இல்ல, உங்களாண்ட வேற மாதிரி சொன்னாங்களா?"

டாக்டர் ரெஸ்ட்டு சொல்லவில்லை என்றால் மாட்டிக்கொள்வார். சொன்னார் என்றால் சூப்பு வைக்க வேண்டும். சுப்பராயலு பேச்சைப் புடவைக்குத் திருப்பினார்.

"ரெண்டு பேரும் படுத்துகினா புடவைய யாருடி முடிக்கறது?"

"உங்களப் பத்தி தனியா விசாரிச்சேன். உங்களுக்கு ரெஸ்ட்டே வாணாமாம். உங்களுக்குப் போட்ட ஊசியால ஒரு கெடுதலும் வராதுன்னு அடிச்சுச் சொன்னாங்க."

"இல்ல கற்பகம், திரும்ப வலிக்குது. நாளைக்குப் போயி இன்னொரு தபா..."

"மூணு போட்டுமா? உடனே உடனே போடக் கூடாதாம்."

பேஜார். போடாத ஊசியைப் போட்டாச்சு என்று சொன்னவன், போட வேண்டிய ஊசியைக் கேட்கக்கூட வழியில்லை.

தறிக்குழியில் இறங்கினார். கயிற்றை இழுத்தார். மூணு முடிச்சும் ஒன்றாகக் கத்தியது. கட்டிலில் படுத்திருந்த கற்பகம் வலது கையைத் தலைக்கு மேலே தூக்கி, சாவகாசமாக ஒரு சுற்றுச் சுற்றினாள்.

"கையி அசைக்கலாமா?" என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு.

"நல்லா ஆட்டச் சொன்னாங்க. சும்மா வெச்சிருந்தாதான் திரும்ப இறுகுமாம். இது உங்களாண்ட சொல்லலியா?"

"சொன்னாங்க, சொன்னாங்க."

"மெதுவா இழுங்க. சத்தம் தோள்ல இடிக்குது."

கொஞ்ச நேரம் லொடக், லொடக். பிறகு, "சூப்புக்கு ஆட்டுக்கால் வாங்கணும், பஜாருக்குப் போயிட்டு வாங்க" என்றாள். "வெயில்ல வெறுங்காலோட போவாதீங்க. பையில இருக்குது பாருங்க."

பையில் அவருடைய செருப்பு இருந்தது. அறுந்த வாருக்குப் பதிலாகக் கிளிப்பச்சைப் பட்டு இழையைத் திரித்துக் கற்பகமே முடிச்சுப் போட்ட செருப்பு. ஆரணி முழுக்கத் தேடினாலும் இன்னொரு ஜோடி கிடையாது.

"தொலைஞ்ச பீடை கிளினிக் வாசல்ல குந்திகினு இருந்துச்சு. இட்டாந்துட்டேன்" என்றாள், கண்ணைத் திறக்காமல்.

முந்தின நாள் கிளினிக்குக்குள் நுழையும்போதே நர்ஸ் ராதிகா சொல்லியிருந்தாள். "செருப்ப வாசல்ல உடாதீங்கண்ணே. உள்ள கட்டிலாண்ட வந்து கழட்டுங்க."

அந்தக் கிளினிக்கில் வலிக்காமல் செய்யக்கூடிய வேலை அது ஒன்றுதான். சுப்பராயலு அதையும் செய்யவில்லை.