செம்புக்குப் பெயர் சூட்டிய சாரல்

உலகில் எத்தனையோ மாநாடுகள் போரை நிறுத்தியிருக்கின்றன, எல்லையை வகுத்திருக்கின்றன. ஆனால் செம்புக்கு நீதி வழங்கிய பெருமை 1958ஆம் ஆண்டு ஆனி மாதம் குற்றாலத்தில் கூடிய ‘தாமிரக் கூட்டுப்பொருள் பெயரிடு குழு’வுக்கே உரியது. குழு அங்கே கூடியதற்கும் சாரல் தொடங்கியதற்கும் சம்பந்தமில்லை என்று சர்க்கார் உத்தரவிலேயே எழுதியிருந்தார்கள்.

இப்பேர்ப்பட்ட வேளையில்தான் மேலகரத்துச் சுடலைக்கண்ணுவுக்குத் தன் வெற்றிலைக் கொடிக்காலைப் பற்றிய அற்பக் கவலை வந்தது. ஈரத்தில் கொடி அடியிலிருந்து அழுகிக்கொண்டு வந்தது. செம்பு உப்பான துருசைக் கரைத்துச் சுண்ணாம்புத் தண்ணீரில் கலந்து விட்டால் நின்றுவிடும். ஆனால் அந்த நீலக்கல் கப்பலில் வருகிற சரக்கு. அந்த வருஷம் தென்காசியில் சர்க்கார் கிடங்கைத் தவிர வேறெங்கும் மருந்துக்குக்கூடக் கிடையாது. அரை ஏக்கரும் குத்தகை. கொடி போனால் மனிதர் கூலி வேலைக்குத்தான் போகவேண்டும்.

கிடங்கு குமாஸ்தா நெல்லையப்பன் அடுக்கி வைத்த மூட்டைகளைப் பெருமையோடு காட்டினார்.

“சரக்கு இருக்கு அண்ணாச்சி. தமிழ்ப் பேருதான் இன்னும் வரல. பேரில்லாத சாமானுக்கு எப்படி பில்லு போடுதது?”

“துருசுன்னு போடும்வே.”

“அது நீங்க சொல்லுத பேரு. குழு சொல்லணும்லா.”

சுடலைக்கண்ணு குற்றாலத்துக்கு நடந்தார். விடுதி வராந்தாவில் குழு தலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு விவாதித்தது. அருவிக்குப் போகுமுன் எண்ணெய் ஊறவேண்டும். ஊறுகிற நேரமே கூட்ட நேரம்; ஊறியதும் கூட்டம் ஒத்திவைக்கப்படும். ‘குப்ரஸ்’, ‘குப்ரிக்’ என்ற இரண்டு இங்கிலீஷ் பெயர்களையும் ‘செம்பஸ்’, ‘செம்பிக்’ ஆக்குவதற்கே பதினோரு எண்ணெய் செலவாகியிருந்தது.

அன்று துருசின் முறை. தலைவர் பேராசிரியர் ஞானதுரை, அதில் செம்பு ஒன்று, கந்தகம் ஒன்று, பிராணவாயு நாலு, போதாக்குறைக்குத் தண்ணீர் ஐந்து இருப்பதாக அறிவித்தார். ஐந்து தண்ணீரையும் பெயரில் சேர்க்காவிட்டால் தமிழுக்கே துரோகம் என்று புலவர் ஆவுடையப்பன் கண் கலங்கினார். கண்ணில் எண்ணெயும் இறங்கியிருந்தது. ஐந்து தண்ணீரின் தன்மையை நேரில் ஆராய்வதற்காகக் குழு ஒன்பது நாள் ஐந்தருவியில் தலையைக் கொடுத்து நின்றது. ‘தண்ணீர் இருப்பது உறுதி’ என்று அறிக்கை எழுதியது.

பத்தாம் நாள் சுடலைக்கண்ணு அழுகிய கொடி ஒன்றைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார்.

“பேரைப் பொறவு வையுங்க அய்யா. சரக்கை இப்பக் குடுங்க.”

“பெயர் இல்லாமல் கொடுத்து, கொடியும் பிழைத்துவிட்டால், எதனால் பிழைத்தது என்று எழுதுவது?” என்று ஞானதுரை கேட்டார்.

சுடலைக்கண்ணு கொடியை எடுத்துச் சுருட்டிக்கொண்டார். இவ்வளவு படித்தவர்கள் சொல்வதில் ஏதோ இருக்கும் என்று நினைத்தார், பாவம். எண்ணெய் ஊறிவிட்டதால் கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது.

ஆவணிக் கடைசியில் சாரல் ஓய்ந்து அருவி வற்றியது. அன்றைக்கே குழுவுக்கு ஞானம் பிறந்தது. துருசு அன்றுமுதல் ‘ஐந்நீர்ச் செம்பிக்கந்தக நாற்பிராணவம்’ ஆயிற்று. பெயர்ச் சீட்டு ஒரு மூட்டைமேல் அடங்கவில்லை. இரண்டு மூட்டைகளைச் சேர்த்து ஒட்டினார்கள். ஆகவே இரண்டு மூட்டைக்குக் குறைந்து விற்பனையில்லை என்று இன்னொரு உத்தரவும் வந்தது. சுடலைக்கண்ணு அதற்குப் பத்து நாள் முன்பே மொட்டை நிலத்தை உடையவரிடம் ஒப்படைத்துவிட்டு, மண்வெட்டியோடு கூலிக்குப் போய்க்கொண்டிருந்தார்.

நிறைவு விழாவுக்கு ‘விவசாயிகள் பிரதிநிதி’யாக அவரையே கூப்பிட்டு மாலை போட்டார்கள். பாக்கு வந்தது, சுண்ணாம்பு வந்தது. தாம்பாளத்தில் வெற்றிலையைக் காணவில்லை. கொடிக்கால்காரர் வெறுங்கையோடு வரலாமா என்று புலவர் செல்லமாகக் கடிந்துகொண்டார்.

சுடலைக்கண்ணு மாலையைக் கழற்றித் தாம்பாளத்தில் வைத்தார்.

“வெத்தலைக்கு இனிமே பேரு மட்டுந்தான் அய்யா மிச்சம். அது தமிழ்லதான் இருக்கு. அதுக்கு நீங்க கூட்டம் போட வேண்டாம்.”