மாமரத்துப் புலி

மணலூர்பேட்டை சம்பந்தி வீரமுத்து அவர்களுக்கு, கல்வராயன் மலையடிவாரத்திலிருந்து கொளஞ்சியப்பன் கும்பிட்டு எழுதிக்கொண்டது. இங்கே நாங்கள் சுகம். தங்கள் வீட்டிலும், தங்கள் மருமகளாகிய என் மகள் செந்தமிழ்ச்செல்வியின் வயிற்றிலும் எல்லாரும் சுகம்தானே?

வெள்ளிக்கிழமை வளைகாப்புக்கு எங்கள் வீட்டு மாங்காய்தான் வேண்டும் என்று செல்வி அடம்பிடிப்பது தாங்கள் அறிந்ததே. பிள்ளைத்தாச்சி ஆசையைத் தீர்க்காவிட்டால் குழந்தைக்குக் காதில் சீழ் வடியும் என்று என் வீட்டுக்காரி ஆயம்மாள் தினமும் என் காதைத் துளைக்கிறாள். மரத்தில் காய்த்ததே ஒரு கூடை. அதற்கு மலையிலிருந்து இறங்கியது ஒரு குரங்குப் பட்டாளம். பட்டாசு வெடித்தேன்; முதலில் ஓடின, வெறும் சத்தம்தான் என்று தெரிந்ததும் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தன. சரியென்று கள்ளக்குறிச்சிக்குப் போய் ஒரு பெரிய புலி பொம்மை வாங்கிவந்து மரத்தடியில் நிறுத்தினேன். எங்கள் நாய் ஓடிப்போச்சு, பால்காரர் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடினார், குரங்கு மட்டும் ஓடலை. ஏன் ஓடும் சம்பந்தி? நம்ம மலையில புலி ஏது? அதுங்க பாட்டன் பூட்டன்கூடப் பார்த்திருக்காது. ஒரு குரங்குக் குட்டி அந்தப் புலி முதுகுலயே ஏறி உட்கார்ந்து மாங்காயைக் கடிச்சுக் கடிச்சுத் துப்புது. "நீ போய் அங்க நில்லுய்யா, உன்னப் பாத்தாவது ஓடும்" என்கிறாள் ஆயம்மாள்.

அப்புறம்தான் கூத்து. பொம்மையின் கிழிந்த வயிற்றுக்குள் ஒரு சாரைப்பாம்பு புகுந்திருக்கு. கிழட்டுக் குரங்கு ஒன்று கிட்டே வந்ததும் பாம்பு தலையை நீட்ட, அது போட்டது பாருங்க ஒரு கத்தல்! பாம்பைப் பார்த்தது அது ஒன்றுதான். மற்றதெல்லாம் அதன் மூஞ்சியைப் பார்த்தே மிரண்டு ஓடின. பாம்பு அன்றைக்கே போய்விட்டது. பட்டாளம் மட்டும் இன்னும் வேலிக்கு அந்தாண்ட நின்னு புலியைப் பார்த்துக் கத்திக்கினே இருக்குதுங்க. தாய்ங்க கத்துறதைப் பார்த்துக் குட்டிகளும் கத்தப் பழகிக்கிச்சுங்க.

ஆகவே கவலை வேண்டாம், கூடையோடு வருகிறேன். செல்விக்கு எங்கள் ஆசீர்வாதம், மாப்பிள்ளை அறிவுச்செல்வனுக்கு அன்பு, சம்பந்தியம்மாளுக்கு வணக்கம். மாடு கன்றோடு நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
கொளஞ்சியப்பன்

பி.கு.: காய் பறிக்க ஆள் கூப்பிடப் போனேன். ஒருத்தரும் வரலை. "குரங்கே அண்ட மாட்டேங்குது, அந்த மரத்துல இன்னாமோ இருக்குதுங்க" என்று ஊரே முடிவு கட்டிவிட்டது. நான் திரும்பி வருவதற்குள் புலிக்கு மாலை போட்டு, மரத்துக்கு மஞ்சள் துணி சுற்றி, ஆயம்மாளே முன்னால் நின்று பொங்கல் வைத்துக்கொண்டிருக்கிறாள். சாமி மரத்துக் காயைத் தொடக்கூடாதாம். நான் வாங்கின பொம்மைதான், எனக்குத் தெரியாதா? ஆனாலும் எல்லாரும் நடுங்குவதைப் பார்த்து எனக்கும் பயம் பிடித்து, விழுந்து கும்பிட்டுவிட்டேன். ஆகையால் சந்தைக் காய்தான் வருகிறது. வீட்டுக் காய் என்று செல்வியிடம் நீங்கள்தான் சொல்ல வேண்டும். நான் சொன்னால் நம்பாமல் குடைவாள்; என்னிடம் அவளுக்குப் பயமே கிடையாது.