எதிர்த்திசையில் ஏறுகிறவர்

புறநகர் ரயிலை ஓட்டுகிறவர்கள் இரண்டு வகை. முதல் வகையினர் வண்டியின் முகப்பில் ஒரு சின்ன அறையில் உட்கார்ந்து ஓட்டுகிறார்கள். அவர்களுக்குச் சீருடை உண்டு, சம்பளம் உண்டு, தவறு செய்தால் விசாரணை உண்டு. இரண்டாம் வகையினர் நடைமேடையில் நின்றபடி ஓட்டுகிறார்கள். இவர்களுக்கு அது எதுவும் கிடையாது. முக்கியமாக, விசாரணை கிடையாது.

இந்த இரண்டாம் வகையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். எல்லாரும் வண்டி வருகிற திசையைப் பார்த்து நிற்கும்போது, இவர் மட்டும் குனிந்து தண்டவாளத்தைப் பார்ப்பார். நடைமேடையில் இவருக்கென்று ஒரு இடம் இருக்கும். வண்டி நின்றதும் கதவு இவர் மூக்குக்கு நேராக வந்து நிற்கும். அப்படி நிற்காவிட்டால் தப்பு வண்டியுடையது. "புது டிரைவர்" என்று பக்கத்தில் இருப்பவரிடம் வருத்தத்தோடு சொல்வார். சிக்னல் விழுந்தால் "போட்டுட்டான்" என்பார். விழாவிட்டால் "இப்ப போடமாட்டான்" என்பார். யார் அந்த 'அவன்' என்று கேட்காதீர்கள். நிலைய அதிகாரி, கட்டுப்பாட்டு அறைக்காரர்கள், ஓட்டுநர்கள், லைன்மேன்கள், சீட்டு கொடுக்கிறவர்கள் எல்லாரையும் ஒன்றாகப் பிசைந்து இவர் உருட்டி வைத்திருக்கும் ஒரே ஆள்தான் அவன். வண்டியைத் தாமதமாக்குவது அவன், பெட்டியைக் குறைப்பது அவன், இவர் உட்கார்ந்த பிறகு பார்த்து மின்விசிறியை நிறுத்துவதும் அவனேதான். ஆனாலும் இவருக்கு அவன்மேல் கோபம் கிடையாது. அவன் மனசு இவருக்குத் தெரியும்.

இந்த வகைக்கு நாம் மாதிரியாக எடுத்துக்கொள்ளப் போகிறவர் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்க்கிறவர். நடைமேடையில் அவருக்குப் பெயர் 'கன்ட்ரோல் சார்'. வீட்டில் அவருடைய மனைவி கல்யாணமான புதிதிலேயே ரயில் விஷயத்தில் காது கேட்காதவராக மாறிவிட்டார். அதனால் மனைவியின் தங்கை வேலை தேடி அவர்கள் வீட்டுக்கு வந்து தங்கியபோது, கன்ட்ரோல் சாருக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியைச் சாதாரணமானது என்று சொல்லிவிட முடியாது. புத்தம்புதிதாக இரண்டு காதுகள்.

தங்கை அதிகம் பேசாதவள். வந்து தங்கியிருக்கிற வீட்டில் என்ன பேச முடியும்? சாப்பிடும்போது அவர் தட்டின் ஓரத்தில் ஸ்பூனால் இரண்டு கோடு இழுத்து, விரைவு வண்டி எங்கே சாதாரண வண்டியை முந்துகிறது என்று காட்டுவார். அவள் "ம்" என்பாள். விடுமுறை நாள் அட்டவணைக்கும் வேலைநாள் அட்டவணைக்கும் உள்ள உள்குத்தை விளக்குவார். அவள் "அப்படியா மாமா" என்பாள். அக்கா, அடுப்படியிலிருந்து தங்கையை இரக்கத்தோடு பார்ப்பாள்.

தங்கை பல் செட் செய்யப் படித்தவள். நகரத்துக்குள் ஒரு பல் செட் கூடத்தில் ஒரே ஒரு இடம் காலியாக இருந்தது. நேர்முகத் தேர்வுக்கு வரச் சொல்லியிருந்தார்கள். மெழுகில் ஒரு கடைவாய்ப் பல்லைச் செதுக்கிக் காட்ட வேண்டும். கூடத்தை நடத்துகிற அம்மாள் தொலைபேசியிலேயே தெளிவாகச் சொல்லிவிட்டார்: "பத்து மணி. லேட்டா வர்றவங்க வாசல்லயே திரும்பிப் போயிடலாம், நான் தப்பா நினைச்சுக்க மாட்டேன்." இது கிடைக்காவிட்டால் அவள் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். ஊரில் அப்பாவின் ஜெராக்ஸ் கடை இருக்கிறது. அந்த மிஷினுக்குப் பின்னால் அவளுக்காக ஒரு முக்காலியைக்கூட அப்பா வாங்கிப் போட்டுவிட்டார்.

"நீ ஏன் தனியா போற? நான் கூட்டிட்டுப் போறேன்" என்றார் கன்ட்ரோல் சார்.

"வேண்டாம்னு சொல்லுடி" என்றாள் அக்கா, சத்தமாகவே. தங்கைக்குச் சொல்ல வாய் வரவில்லை.

காலையில் இருவரும் நடைமேடைக்கு வந்தார்கள். அவள் கையில் செதுக்கு கத்திகளும் மெழுகுக் குச்சிகளும் இருந்த தகரப் பெட்டி. நகரத்துக்குப் போகிற வண்டி வந்து நின்றது. கூட்டம் இருந்தது, ஆனால் ஏறலாம். அவள் ஒரு காலை எடுத்து வைத்தாள். அவர் அவள் தோள்பையைப் பிடித்து இழுத்தார்.

"இதுலயா ஏறப் போறே?"

"ஏன் மாமா, இது அங்க போகாதா?"

"போகும். ஆனா நின்னுட்டுப் போகும்." வண்டியே நின்றுகொண்டு பயணம் செய்வதுபோலச் சொன்னார். "இன்டர்வியூக்குப் போற பொண்ணு கசங்கிப் போகலாமா? நாம இப்ப எதிர்ப்பக்கம் போறோம்."

இந்த இடத்தில் இந்த இனத்தின் தலையாய சடங்கை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். நடுவழி நிலையத்தில் ஏறினால் உட்கார இடம் கிடைக்காது. ஆகவே போகவேண்டிய திசைக்கு நேர் எதிர்ப்பக்கமாக, வண்டிகள் புறப்படும் கடைசி நிலையம்வரை போய், அங்கே காலியாக நிற்கும் வண்டியில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து, கிளம்பிய நிலையத்தின் வழியாகவே திரும்பி வந்து, அங்கே நடைமேடையில் முண்டியடிக்கும் ஜனங்களை உள்ளிருந்தபடி பார்க்க வேண்டும். அந்தப் பார்வைக்காகத்தான் இத்தனையும். எத்தனை பேர் இப்படி அலுவலகத்துக்குத் தாமதமாகப் போயிருக்கிறார்கள்? ஆனால் உட்கார்ந்து போயிருக்கிறார்கள்.

கடைசி நிலையத்தில் இரண்டு வண்டிகள் நின்றன. முதல் நடைமேடை வண்டிதான் அடுத்துப் புறப்படும் என்று பலகையில் ஓடியது. ஜனங்கள், பாவம், எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள், அதில் போய் ஏறிக்கொண்டிருந்தார்கள்.

"போர்டைப் பாக்காதே. போர்டு பப்ளிக்குக்கு" என்றார் கன்ட்ரோல் சார்.

"நாம யாரு மாமா?"

அவர் அதைக் காதில் வாங்கவில்லை. இரண்டாம் நடைமேடையில் ஓட்டுநர் ஒருவர் கையில் பையோடு வண்டியின் ஒரு முனையிலிருந்து நகரத்துப் பக்க முனைக்கு நடந்துகொண்டிருந்தார். "அங்க பாரு. டிரைவர் பை எந்தப் பக்கம் போகுதோ அந்தப் பக்கம்தான் வண்டி போகும். இதைப் போர்டுல போடமாட்டான். போட்டா எல்லாரும் ஏறிடுவாங்கள்ல?"

இரண்டாம் நடைமேடை வண்டி முழுக்கக் காலி. மின்விசிறிகள் சுற்றிக்கொண்டிருந்தன. அவர் இரண்டு இருக்கைகளையும் கைக்குட்டையால் தட்டிவிட்டு ஜன்னலோரத்தை அவளுக்குக் கொடுத்தார், அவ்வளவு பெருந்தன்மை. அவர் ஏறுவதைப் பார்த்துவிட்டு, தினமும் அவரோடு வரும் மருந்துக்கடைக்காரரும் முதல் நடைமேடை வண்டியில் பிடித்திருந்த இடத்தை விட்டுவிட்டு ஓடிவந்து ஏறினார்.

அப்போது ஒலிபெருக்கியில் ஒரு பெண் குரல் சொன்னது: இரண்டாவது நடைமேடையில் நிற்கும் வண்டி பணிமனைக்குச் செல்கிறது, பயணிகள் யாரும் ஏற வேண்டாம்.

தங்கை எழுந்துவிட்டாள். "மாமா, ஏற வேண்டாம்னு சொல்றாங்க."

"உட்காரும்மா. கூட்டத்தைக் குறைக்கறதுக்கு அப்படித்தான் சொல்வான்."

"ரெண்டாவது தடவையும் சொல்றாங்க."

"நம்பாதவங்களுக்கு."

"சார் சொன்னா சரியா இருக்கும்மா" என்றார் மருந்துக்கடைக்காரர், செருப்பைக் கழற்றிக் காலை மடித்து உட்கார்ந்தபடி. அவள் வாசலுக்குப் போவதற்குள் வண்டி நகர்ந்தது. அதுவும் நகரத்துப் பக்கமாகவே நகர்ந்தது. "பார்த்தாயா" என்று கன்ட்ரோல் சார் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது.

கொஞ்ச தூரத்தில் வண்டி தடம் மாறி இடப்பக்கம் வளைந்தது. பெரிய பாதை கண்ணெதிரே விலகிப் போனது. அதில் முதல் நடைமேடை வண்டி, நின்றவர்களும் உட்கார்ந்தவர்களுமாக, குறித்த நேரத்தில் நகரத்துக்குப் போய்க்கொண்டிருந்தது.

"விரைவு வண்டிக்கு வழி விடுறான்" என்றார் அவர்.

வண்டி ஒரு சுற்றுச்சுவரைத் தாண்டி உள்ளே போனது. "புது பாதை. இன்னும் வெளிய சொல்லல" என்றார்.

திடீரென்று இருட்டியது. இரண்டு பக்கமும் ஆளுயரத் தூரிகைகள் சுழன்றன. ஜன்னல் வழியாகச் சோப்புத் தண்ணீர் வாரி அடித்து மூவரையும் நனைத்தது. தங்கை தகரப் பெட்டியை வயிற்றோடு அணைத்துக்கொண்டு குனிந்துகொண்டாள். மருந்துக்கடைக்காரர், "சார், ஜன்னலைச் சாத்திரவா?" என்று பணிவாகக் கேட்டார்.

கன்ட்ரோல் சார் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். "கழுவி அனுப்புறான். யாரோ பெரிய மனுஷன் இதுல ஏறப் போறாரு."

நீங்களாக இருந்தால் இந்தக் கட்டத்தில் ஒரு சின்ன சந்தேகமாவது வந்திருக்கும் அல்லவா? அதனால்தான் உங்களை யாரும் கன்ட்ரோல் சார் என்று கூப்பிடுவதில்லை.

வண்டி ஒரு பெரிய கொட்டகைக்குள் போய், பெருமூச்சு விட்டு, நின்றது. மின்விசிறிகள் நின்றன. துடைப்பத்தோடு ஒரு பெண் ஏறி, நனைந்த மூன்று பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தாள்.

"யாருங்க நீங்கள்லாம்? எறங்குங்க, கூட்டணும்."

"இது எப்பம்மா எடுப்பாங்க?" என்று கேட்டார் கன்ட்ரோல் சார். குரலில் நடுக்கமே இல்லை.

"சாயங்காலம்."

அவர் யோசித்தார். எதிர் இருக்கையைப் பார்த்தார், தன் இருக்கையைப் பார்த்தார். பிறகு மருந்துக்கடைக்காரரிடம் மெதுவாகச் சொன்னார்: "சாயங்கால நெரிசல் நேரத்துல முதல் வண்டி. இப்ப எறங்கினா சீட்டு போயிடும்."

மருந்துக்கடைக்காரர் தலையாட்டினார். "விடக்கூடாது சார்."

தங்கை எழுந்து நின்றாள். அந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து "ம்" என்பதையும் "அப்படியா மாமா" என்பதையும் தாண்டி அவள் அவரிடம் பேசியது அன்றுதான்.

"மாமா, எனக்குப் பத்து மணிக்கு இன்டர்வியூ."

"தெரியும்மா. ஆனா நின்னுட்டுத்தான் போகணும், பரவாயில்லையா?" என்றார் அவர், உண்மையான கவலையோடு.

"பரவாயில்லை மாமா. நீங்க உட்காருங்க."

வண்டியிலிருந்து தரை ஆழமாக இருந்தது. கூட்டுகிற பெண்ணிடம் தகரப் பெட்டியைக் கொடுத்துவிட்டுக் குதித்து, கீழே நின்று அதை வாங்கிக்கொண்டாள். கொட்டகையின் பின்பக்கக் கதவைத் தாண்டிச் சாலை இருந்தது, சாலையில் ஒரு பேருந்து இருந்தது, பேருந்தில் ஒரு கால் வைக்க இடம் இருந்தது. இன்னொரு காலைப் பற்றி அவள் அக்கறைப்படவில்லை.

பல் செட் கூடத்துக்குள் அவள் நுழைந்தபோது பத்து தாண்டி வெகுநேரம் ஆகிவிட்டது. கூடத்தை நடத்தும் அம்மாள் ஒரு பிளாஸ்டர் தாடையைக் கையில் வைத்து வெளிச்சத்தில் திருப்பிக்கொண்டிருந்தார், நிமிரவில்லை.

"நான் போன்லயே சொன்னேனே."

"வண்டி ஷெட்டுக்குப் போயிருச்சு மேடம். நான் உள்ள இருந்தேன்."

வேறு எந்தக் காரணத்தையும் அவர் கேட்டிருக்கமாட்டார். காய்ச்சல், விபத்து, சாவு, எதுவும் செல்லாது என்று அந்தக் கூடத்தில் எல்லாருக்கும் தெரியும். ஆனால் இப்போது தாடை மெதுவாக மேசைக்கு இறங்கியது.

"எந்த பிளாட்பாரம்?"

"ரெண்டு."

"ரெண்டுல நிக்கிற வண்டியில எதுக்கு ஏறினே? டிரைவர் பையைப் பாத்தியா?"

தங்கைக்கு முதுகில் இன்னொரு முறை தண்ணீர் அடித்தது போலிருந்தது. ஊருக்குத் திரும்புகிற வண்டி, மிஷின், முக்காலி எல்லாம் கண்முன் வந்தன. பிறகு அவளுக்குப் புரிந்தது: இந்தத் தேர்வுக்கு அவள் இத்தனை நாளாக, அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, தன்னை அறியாமலே தயாராகிவந்திருக்கிறாள்.

"பாத்தோம் மேடம். நகரத்துப் பக்கம்தான் போச்சு."

"அங்கதான் எல்லாரும் ஏமாறுறாங்க. டிரைவர் பையைப் பாக்கவே கூடாது. கடைசிப் பெட்டியில கொடி காட்டுற கார்டைப் பாக்கணும். கார்டு நிதானமா டீ குடிச்சிட்டிருந்தா அது ஷெட்டு வண்டி. டீயைக் கீழ ஊத்திட்டு ஓடினா அதுதான் லைன் வண்டி. உட்கார்."

அவள் உட்கார்ந்தாள். அம்மாள் பேசினார். மூன்றாம் பாதை போட்டதில் இருந்த சதியைப் பேசினார், நான்காம் பாதை ஏன் வராது என்பதைப் பேசினார், பன்னிரண்டு பெட்டி வண்டியை ஒன்பது பெட்டி வண்டி என்று அறிவிப்பதால் யாருக்கு லாபம் என்பதையும் குரலைத் தாழ்த்திப் பேசினார். அவள் பெட்டியைத் திறந்து, மெழுகை எடுத்து, "ம்" என்றபடி செதுக்கினாள். வேண்டிய இடத்தில் "அப்படியா மேடம்" என்றாள். அம்மாள் சிக்னல் கோளாறுகளுக்கு வந்து சேர்ந்தபோது மேசைமேல் ஒரு கடைவாய்ப் பல் தயாராக இருந்தது.

அம்மாள் பேச்சை நிறுத்தி அதை எடுத்துப் பார்த்தார். விரல் நுனியால் குழிகளைத் தடவினார். மற்றபடி அவர் தொழிலில் கெட்டிக்காரர்.

"நாளைக்கு வந்துடு" என்றார். "எந்த ஸ்டேஷன்ல ஏறுவே?"

அவள் சொன்னாள்.

"அங்க ஏறாதே. நான் சொல்றேன் கேளு. முதல்ல எதிர்ப்பக்கம் போ."

கன்ட்ரோல் சார் அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தார். சட்டை உடம்பிலேயே காய்ந்து மொடமொடவென்று நின்றது. தங்கைக்கு வேலை கிடைத்த செய்தியை அக்கா சொன்னதும், "யார் கூட்டிட்டுப் போனது?" என்று மட்டும் கேட்டுவிட்டு, தான் வழி முழுக்க உட்கார்ந்தே வந்ததை விவரிக்கத் தொடங்கினார்.

இவ்வளவு நேரம் நீங்கள் சிரித்திருக்கலாம். சிரிக்க வேண்டியதுதான். ஆனால் கார்டு டீ குடித்தால் ஷெட்டு வண்டி என்று அந்த அம்மாள் சொன்ன இடத்தில், "அதெல்லாம் ஒரு கணக்கா, உண்மையில் பார்க்க வேண்டியது" என்று உங்களுக்குள் ஏதாவது ஒரு வாக்கியம் ஆரம்பித்ததா? ஆரம்பித்திருந்தால், தயவுசெய்து அதை வாய்விட்டு முடிக்காதீர்கள். பக்கத்தில் யாராவது அவசரமாக எங்கேயோ போகவேண்டியவர் நின்றுகொண்டிருப்பார். உங்களை நம்பி ஏறிவிடுவார்.