ஐஸ் பெட்டியில் தலைவர்

"இன்னாண்ணே இது? சாவுக்கு யாராச்சும் சிரிக்கிற படத்தை வைப்பாங்களா?"

பச்சையம்மாள் கேட்டதும் கிளைச் செயலாளர் மாயவன் தலையைச் சொறிந்தான். தலைவர் விடிகாலையில் சென்னை ஆஸ்பத்திரியில் போய்விட்டதாகச் சேதி. உடம்பு அங்கே, படம் இங்கே. படத்துக்கே பாடை கட்டி, மொட்டை போட்டு, சுடுகாடு வரை தூக்கிப் போவது ஊர் வழக்கம். கிடைத்த ஒரே படத்திலோ தலைவர் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.

மாயவனின் பார்வை பச்சையம்மாளின் புருஷன் மேல் விழுந்தது. தேர்தலுக்குத் தேர்தல் தலைவர் வேஷத்தில் ஜீப்பில் நின்று கைகாட்டும் கண்ணாயிரம். அச்சு அசல் அதே முகம்.

"கண்ணாயிரம், பொணம் வைக்கிற ஐஸ் பெட்டி ஒண்ணு வாடகைக்கு எடுத்தாந்திருக்கேன், அதுல கொஞ்ச நேரம் படு. பக்கத்து ஊரு எலவனாசூர்கோட்டைக்காரன் வெறும் படத்தைத் தூக்கிக்கினு போறான். நாம தலைவரையே தூக்குவோம்!"

"உசிரோட இருக்கிறவரு அதுல படுத்தா வெளங்குமாண்ணே?"

"கரண்டு குடுக்க மாட்டோம் தங்கச்சி. மூடியும் லேசா தொறந்தே இருக்கும்."

வேஷம் என்றால் கண்ணாயிரத்துக்குச் சோறு வேண்டாம். ஏறிப் படுத்துவிட்டான். ஆனால் எங்கே இருந்தாலும் அவனுக்கு வீட்டுச் செவலை மாட்டின் கவலைதான்.

"பச்சையம்மா, செவலைக்குத் தண்ணி காட்டினியா?"

"காட்டிட்டேன். பொணம் பேசக்கூடாது, படுங்க."

படுத்திருப்பது கண்ணாயிரம் என்று ஊருக்கே தெரியும். ஒப்பாரி தொடங்கியதும் ஊருக்கே மறந்துபோயிற்று.

அவன் மூச்சில் கண்ணாடி வேர்த்தது. மறைக்க மாயவன் மேலே மாலை போட்டான். அதைப் பார்த்து ஆளாளுக்குப் போட, கனத்தில் மூடி டப்பென்று சாத்திக்கொண்டது. உள்ளே ஒரு தும்மல். மாயவன் ஜாடை காட்ட, மேளம் இரண்டு மடங்கு அதிர்ந்தது.

"தலைவரை இப்பிடியா வெயில்ல போட்டு வைப்பீங்க?" இளைஞர் அணித் தமிழழகன் தேம்பிக்கொண்டே பிளக்கைச் சொருகினான்.

பெட்டி உறுமியது. கல்வராயன் மலையில் இறங்கும் பனிபோல் உள்ளே வெள்ளையாக என்னவோ கவிந்தது. தும்மல் நின்றது. கண்ணாடியில் வேர்வையும் நின்றது.

"ஏங்க! ஏந்திரிங்க!" பச்சையம்மாள் கண்ணாடியில் அறைந்தாள்.

"தலைவரு மேல இந்தப் பொம்பளைக்கு இன்னா பாசம் பாரேன்!" பெண்கள் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார்கள். பிடி விடவே இல்லை.

ஒருவழியாகத் திமிறிப்போய், மாலைகளை வாரி எறிந்து மூடியைத் தூக்கினாள். கன்னம் சில்லிட்டிருந்தது. மூக்கருகே விரலை வைத்தாள். காற்று இல்லை.

மேளம் தானாக ஓய்ந்தது.

"நடிக்கிறான் தங்கச்சி... கொஞ்சம் ஜாஸ்தியா நடிக்கிறான்," என்றபடி மாயவன் பிளக்கைப் பிடுங்கினான்.

அப்போது தமிழழகனின் செல்போன் அடித்தது. கேட்டவன் துள்ளினான்.

"தலைவரு சாவலயாம்! டாக்டருங்களே கைவிட்டாங்களாம், இப்பத்தான் கண்ணு முழிச்சாராம்!"

கூட்டம் ஆர்ப்பரித்தது. அவன் மட்டும் போனைப் பார்த்தபடி புருவத்தைச் சுருக்கினான்.

"ஆனா முழிச்சதுலேர்ந்து ஒண்ணே ஒண்ணுதான் கேட்டுக்கினு இருக்காராம்ண்ணே... 'பச்சையம்மா, செவலைக்குத் தண்ணி காட்டினியா?'ன்னு."