சுவருக்குச் சொன்ன பாடம்

கூச்சக்காரர்களுக்கு நாலு பேர் முன்னால் பேசுவதைவிட நண்டுக் கடி சுகம். இரண்டையும் ஒரே நேரத்தில் அனுபவித்தவள் என்ற தகுதியில் சொல்கிறேன்.

வாவி நண்டுகளைக் கயிற்றால் கட்டி, உயிரோடு கொழும்புக்கு அனுப்பும் கரையோரக் கொட்டகையில், அதுதான் வாடியில், எனக்கு வேலை. புதிதாக வரும் பெண்கள் கடி வாங்கி, ஒரு வாரம் முடியுமுன் வேலையை விட்டு நின்றுவிடுவார்கள். கட்ட ஆளில்லாமல் நண்டுகள் செத்தன. அந்த நேரம் பார்த்து முதலாளி டவுனுக்கு, புளியந்தீவில் நடந்த ஏதோ பயிற்சிக்குப் போனார். ஒருவர் திறமையை மற்றவர்களுக்கும் பரப்பினால்தான் ஆட்கள் நிலைப்பார்கள் என்று கேட்டு வந்தார்.

"ஜெயாக்கா, உங்களத்தான் ஒரு நண்டும் கடிச்சதில்ல. நாளைக்குப் புதுப் புள்ளையளுக்கு நீங்கதான் படிப்பிக்கணும்."

"ஐயோ, எனக்குப் பேச வராது முதலாளி. எப்பவும் போல புவனாவே படிப்பிக்கட்டும்."

"அவ படிப்பிச்ச ஆக்கள்தான் ஓடினது. இதுவும் சரிவராட்டி கட்டுற பகுதிய மூடிப்போட்டு, இறால் மட்டும் வாங்குவன்."

எங்கள் எல்லோருடைய சோறும் என் நாக்கில் தொங்கியது. (தொங்குவதற்கு அதைவிட மோசமான இடம் கிடையாது.)

வீட்டில் 'எல்லோருக்கும் வணக்கம்' என்று கோழிகளுக்குச் சொல்லிப் பழகினேன். மறுநாள், ஆளுக்கொரு நண்டோடு நின்ற புதுப் பெண்கள் என்னையே பார்த்தார்கள். கோழிகள் அப்படிப் பார்த்ததில்லை. வணக்கத்தையும் விட்டுவிட்டு, நண்டும் கையுமாகச் சுவரோரப் பலகைப் பக்கம் திரும்பிவிட்டேன்.

புவனா பதறினாள். "என்னகா செய்றாய்? இஞ்சால கிறுகு!"

கிறுகி அவர்கள் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவில்லை. சுவரிடமே பேசினேன். "பின்பக்கத்தால முதுகு ஓட்டை அமத்துங்க. கடிக்கிற பெரிய காலை மடக்குங்க. கயித்தை வலப்பக்கத்தால விடுங்க."

கூடையிலிருந்து தப்பிய ஒரு நண்டு என் முந்தானையைக் கவ்வித் தொங்கியது எனக்குத் தெரியாது. பின்னால் சிரிப்புக் கேட்டது. என் பேச்சுக்குத்தான் என்று நினைத்து இன்னும் வேகமாகக் கட்டினேன். கடைசி முடிச்சில், முந்தானை வழியே ஏறி வந்த அந்த நண்டார் இடுப்பில் ஒரு கடி வைத்தார். அலறிக்கொண்டு திரும்பினேன்.

அத்தனை பேரும் கட்டி முடித்த நண்டுகளைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள்.

"அக்கா, இப்பதான் விளங்குது," என்றாள் ஒருத்தி. "புவனாக்கா எதிர நிண்டு காட்டக்குள்ள அவட வலது கை எங்களுக்கு இடது கை. நீங்க கிறுகி நிண்டதால தோளுக்கு மேலால பாத்து அப்படியே செஞ்சம்."

அதன் பிறகு ஒருத்தியும் ஓடவில்லை. இன்று அவர்களே புதியவர்களுக்குப் படிப்பிக்கிறார்கள், எல்லோரும் சுவரைப் பார்த்தபடி. முதலாளி அந்தச் சுவருக்கு நீலப் பெயின்ற் அடித்து லைட்டும் போட்டிருக்கிறார்.

வீட்டில்தான் மதிப்பில்லை. நான் ஏசத் தொடங்கினால் கணவர் இப்போதும் சொல்வார்: "கிறுகி நிண்டு சொல்லு புள்ள. அப்பதான் விளங்கும்."